புவெனஸ் ஐரிஸில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

செப்டம்பர் 11 அன்று நீ அனுப்பிய ஆசிரியர் தின வாழ்த்து வந்தது. நமக்கு 5-ஆம் தேதியே முடிந்துவிட்டதே என்று யோசித்தேன். அந்த ஊரில் அதுதான் நாளாம், அர்ஜென்டினாவில் பள்ளிக்கூடங்களைப் பெருக்கிய சார்மியெந்தோ இறந்த நாள். ரிட்டயர் ஆன டீச்சருக்கு வேறென்ன வேலை, அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் உட்கார்ந்து படித்துவிட்டேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இரவில் வெறும் ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளாதே.

1811-இல் சான் ஹுவானில் பிறந்திருக்கிறார். அவருடைய அம்மா பவுலா தறி நெய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, உறவுக்காரப் பாதிரியார் ஒருவரோடு ஒரு கிராமத்துக்குப் போய், தன்னைவிட மூத்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். 1839-இல் சொந்த ஊரிலேயே 'எல் சோண்டா' என்று பத்திரிகை ஆரம்பித்தார். அரசாங்கம் அதைச் சில இதழ்களுக்கு மேல் வரவிடவில்லை. அடுத்த வருஷமே ஆண்டிஸ் மலையைத் தாண்டி சிலிக்கு ஓட வேண்டியதாயிற்று. அங்கேயும் சும்மா இருக்கவில்லை. பத்திரிகையில் எழுதினார், 1842-இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குத் தலைவரானார், 1845-இல் அர்ஜென்டினாவின் சர்வாதிகாரி ரோசாஸின் ஆட்சியைத் தாக்கி 'ஃபகுந்தோ' என்ற நூலைத் தொடராக எழுதினார். பேனா பிடித்த அந்தக் கைதான் 1868-இல் நாட்டின் அதிபர் பொறுப்பை ஏற்றது. ஆறு வருஷத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் சுமார் 30,000 பேரிலிருந்து 1,00,000 பேராகக் கூடினார்களாம். பாடம் சொல்லித் தர அமெரிக்காவிலிருந்து டீச்சர்களை வரவழைத்தார், அதில் பெரும்பாலும் பெண்கள். படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நீ இப்போது அந்த ஊர்க்காரன் அல்லவா, அதனாலும்தான்.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கவுச்சோக்கள், அதாவது குதிரையேறி மாடு மேய்க்கும் நாட்டுப்புறத்து ஆட்கள், அவர்களுடைய ரத்தத்தைச் சிந்துவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று 1861-இல் புவெனஸ் ஐரிஸ் ஆளுநராக இருந்த மித்ரேவுக்கு எழுதியிருக்கிறார். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று துடித்தவர், அந்தப் பிள்ளைகளின் அப்பன்மாரைப் பற்றி இப்படி எழுதலாமா? இரண்டு நாளாக அதுவே மனதில் ஓடுகிறது.

ஆனால் நான் எழுத வந்தது அவருடைய மகனைப் பற்றி. தொமிங்கீத்தோ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று, நான்கு வயதிலேயே அப்பா உட்கார வைத்து வாசிக்கக் கற்றுக் கொடுத்த பிள்ளை. (உனக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் தினத்தந்தித் தலைப்பு முழுவதையும் ஒப்பிப்பாய்.) பின்னால் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். பையன் அம்மா பக்கம் நின்றான். அதில் யார் மேல் தப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. அப்புறம் பராகுவே யுத்தம் வந்தது. அம்மா வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் போனான். 1866 செப்டம்பர் 22, குருபைத்தி என்ற இடத்தில் நடந்த சண்டையில் குண்டு பட்டு, ரத்தம் வடிந்தே உயிர் போய்விட்டது. வயது இருபத்தொன்று. அப்பா அப்போது தூதராக அமெரிக்காவில் இருந்தார். அந்தக் காலத்தில் கப்பலில்தானே செய்தி போக வேண்டும்.

இருபது வருஷம் கழித்து, 1886-இல், அந்த மனுஷர் உட்கார்ந்து மகனுடைய வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டே வருஷம்தான் இருந்தார். எழுபத்தைந்து வயதில் அதை எழுத உட்கார்ந்தவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கூடத்தில் அன்றைக்கு நடந்ததை நான் கிளறப் போவதில்லை. நீ பேசியதும் அதிகம், அப்பா பேசியதும் அதிகம். அத்தை நடுவில் வந்தது அதைவிட அதிகம். உனக்குப் பிரமோஷன் வந்ததைப் பால்காரர் வரை சொன்னது யார் தெரியுமா? நான் இல்லை. ஆனால் நீ என்னிடம் பேசும்போது மட்டும் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். நீயும் "அம்மா, நீ எப்படி இருக்கே" என்று கேட்பதோடு சரி. வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம் தம்பி.

சாப்பாட்டை விடாதே. அங்கே குளிர் முடிந்துவிட்டது என்று ஸ்வெட்டரை எடுத்து உள்ளே வைத்துவிடாதே. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன், பார்சல் அனுப்ப வழி இருந்தால் சொல். வேளைக்குச் சாப்பிடு.

இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை. அந்த நேரத்தில் நான் கோயிலுக்குப் போய்விடுவேன். அவர் வீட்டில்தான் இருப்பார், அவருடைய நம்பரும் அதே நம்பர்தான்.

அம்மா