மனுவுக்கு முன் பேச்சு: ஆரஞ்சு சங்கத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

அயர்லாந்து ஆரஞ்சு சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பெல்ஃபாஸ்டில் குடியிருக்கும் தமிழன் நான். புராட்டஸ்டண்டும் அல்ல, கத்தோலிக்கனும் அல்ல. புராட்டஸ்டண்ட் அமைப்பான நீங்கள் நடத்தும் ஜூலை 12 ஊர்வலத்தைத் தெருவோரம் நின்று ரசித்துப் பார்ப்பவன். ஆர்மா பக்கம் லாம்பெக் என்ற பெரிய முரசு அதிரும்போது நம்மூர்க் கோயில் கொடை நினைவுக்கு வரும். பட்டுப் பதாகைகளில் வெள்ளைக் குதிரை மீது, கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸை வென்ற புராட்டஸ்டண்ட் மன்னர் மூன்றாம் வில்லியம் 1690இன் பாயின் ஆற்றைக் கடந்துகொண்டே இருக்கிறார். அன்று கத்தோலிக்க ஸ்பெயினும் ஆஸ்திரியாவும் அவருக்குக் கூட்டாளிகள் என்பதை மட்டும் எந்தப் பதாகையிலும் நான் பார்த்ததில்லை. போகட்டும்.

போர்ட்டடவுன் ஊரின் ஊர்வலத் தகராறுக்கு வருகிறேன். டிரம்கிரீ தேவாலய ஊர்வலம் 1807இலிருந்து நடக்கிறது என்கிறீர்கள், சரி. ஆனால் திரும்பும் வழியான கார்வாஹி சாலையோரம் இன்று வாழ்பவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். 1996இல் போலீஸ் முதலில் தடை விதித்தது. மாகாணமெங்கும் கலவரம் மூண்டதும் பின்வாங்கி, அந்தச் சாலைக்காரர்களையே அடித்து ஒதுக்கி உங்களுக்கு வழிவிட்டது. அந்தச் சாலைக் குடியிருப்போர் குழுவோடு உட்கார்ந்து பேச அப்போது உங்களவர்கள் மறுத்துவிட்டார்கள். குழுவின் முன்னணியில் இருந்தவர் குண்டுவெடிப்பு வழக்கில் சிறை சென்றவர் என்பது காரணம். அந்தக் கசப்பு புரிகிறது. ஆனால் ஒருவரோடு பேச மறுத்ததில் தெரு முழுவதும் உங்களுக்கு அந்நியமாகிவிட்டதே!

1998இல், ஊர்வலங்கள் எந்த வழியில் போகலாம் என்று தீர்மானிக்கும் ஊர்வல ஆணையம் அந்தச் சாலையை உங்களுக்கு மூடியது. டிரம்கிரீயில் உங்களவர்கள் ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் காட்டித் திரண்டு நின்றார்கள். ஜூலை 12 விடியற்காலை பாலிமணியில் ஒரு வீட்டின் மேல் பெட்ரோல் குண்டு விழுந்து சிறுவர்களான அண்ணன் தம்பி மூவர் கருகி இறந்தார்கள். அதை உங்கள் சங்கம் செய்யவில்லை. ஆனாலும் இதற்குப் பிறகு அந்தச் சாலையில் பதினைந்து நிமிடம் நடப்பது வெற்று வெற்றிதான் என்று அன்றைய பிரசங்கத்தில் சொன்னவர் உங்கள் ஆர்மா மாவட்டப் போதகரே.



பேசினால் நடக்காது என்று சொல்லாதீர்கள். டெரி நகரில் அப்ரென்டிஸ் பாய்ஸ் என்ற இன்னொரு புராட்டஸ்டண்ட் சங்கத்தார், கத்தோலிக்கப் பகுதியான பாக்சைடின் மக்களோடு பேசித்தான் ஆகஸ்ட் ஊர்வலத்தின் பதற்றத்தைத் தணித்தார்கள். வடக்கு பெல்ஃபாஸ்டில் ஊர்வலம் தடுக்கப்பட்டதை எதிர்த்து 2013இலிருந்து போராட்டக் கூடாரம் போட்டிருந்த உங்கள் கிளைகளே, கத்தோலிக்கப் பகுதியான ஆர்டோய்ன் குடியிருப்போரோடு உடன்பாடு கண்டு, 2016 அக்டோபர் முதல் தேதி காலையில் நடந்து முடித்துக் கூடாரத்தைக் கலைத்தார்கள். எல்லைக்கு அப்பால், அயர்லாந்து குடியரசில், டோனகலின் ராஸ்னோலா கடற்கரை ஊர்வலம் குடும்பத் திருவிழாவாகவே நடக்கிறது.

உங்கள் தலைமையகமான ஷோம்பெர்க் இல்லத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். தகராறுள்ள தெரு எதுவானாலும் கிளை நிர்வாகிகள் முதலில் அந்தத் தெருக்காரர்களை நேரில் பார்க்கட்டும். ஊர்வல ஆணையத்துக்கான அறிவிப்பு மனு அதன் பிறகு போகட்டும். அடுத்த ஜூலைக்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தெருவோரம் நிற்கும் ஒருவன்