ஒரு சாயங்காலம் பள்ளியைத் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயாவுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கம். ஏப்ரல் முதல் வாரம் ராத்திரி எட்டரை மணிக்கு என் மகளுக்கு வந்த வீடியோ அழைப்பைப் பற்றி என் மனைவி பள்ளிக்கே வந்து சொன்னது உங்களுக்குத் தெரியும். அந்த நம்பரை நாங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் தவிர வேறு எங்கேயும் கொடுத்ததில்லை. டீச்சர்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பிள்ளை எடுத்துவிட்டாள். அவள் பார்த்ததை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. என் மனைவிக்கு அன்று கிடைத்த பதில், "பெற்றோர்தான் கண்காணிக்கணும்" என்பது. அந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்த மடல்.

கண்காணித்தோம் ஐயா. ஏழாம் வகுப்புக்குப் போன் வேண்டும் என்று நீங்கள் சொன்ன பிறகு, பொங்கல் சமயத்தில் பழைய போன் ஒன்றை வாங்கினோம். கடைக்காரத் தம்பி அவசரத்தில் பிறந்த வருடம் 1995 என்று போட்டு கூகுள் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டார். பெரியவர் கணக்கில் பெற்றோர் பூட்டு ஏறாது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? ராமநாதபுரத்தில் பாலிடெக்னிக் படிக்கும் மச்சான் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் அழித்து, அவளுடைய உண்மையான பிறந்த தேதியில் புதுக் கணக்கு தொடங்கி, ஃபேமிலி லிங்க் என்ற செயலி வழியாக என் போனோடு இணைத்தான். மூன்று மணி நேரம் ஆனது, பாதி நேரம் டவர் கிடைக்கவில்லை. தினம் ஒரு மணி நேரம்தான், ஒன்பது மணிக்கு மேல் பூட்டு, புதுச் செயலி எதை இறக்கினாலும் நான் அனுமதி கொடுக்க வேண்டும். சரி, இனி பயமில்லை என்று இருந்தேன்.

ஆனால் நான் விசைப்படகில் போகிறவன். மீன்வளத் துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை, கொஞ்ச தூரம் தாண்டினால் போனில் சிக்னலே இருக்காது. ஒரு நாள் நீங்கள் ஏதோ வகுப்புக்காக ஒரு செயலியை இறக்கச் சொன்னீர்கள், பிள்ளை அனுமதி கேட்டு அனுப்பியிருக்கிறாள், நான் அதைப் படகுத் துறையில் இறங்கிய பிறகுதான் பார்த்தேன். வகுப்பில் சேரவில்லை என்று அவளுக்குத் திட்டு விழுந்தது. அப்புறம், அம்மாவையும் இன்னொரு பெற்றோராகச் சேர்க்கலாம் என்று மச்சான் மகன் சொன்னான். என் தங்கை தன் பழைய போனைக் கொடுத்தாள்.

என் மனைவி பாசி எடுக்கப் போகிறவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலுக்கடியில் பாறையில் இருந்து பாசியைப் பிடுங்குகிற கை. உப்பில் ஊறி, தோல் உரிந்து, குறுக்கும் நெடுக்குமாக வெட்டு விழுந்த விரல் நுனியை அந்தக் கண்ணாடித் திரை கண்டுகொள்வதே இல்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி தொடுவாள், மறுபடி தொடுவாள். நாலாவது தடவை எது எதுவோ அமுங்கும். கடைசியில் போனை மகளிடமே நீட்டி, "நீயே அமுக்கிவிடுடி" என்பாள். அனுமதி கேட்பவளும் அவள்தான், கொடுப்பவளும் அவள்தான். இந்த வீட்டைப் பார்த்துத்தான் கண்காணியுங்கள் என்கிறீர்கள்.

இவ்வளவு பூட்டும் போட்டு என்ன, வாட்ஸ்அப்புக்குள் யார் என்ன அனுப்புகிறார், யார் கூப்பிடுகிறார் என்பது ஃபேமிலி லிங்க்கில் தெரியாது. தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயதாக வேண்டும் என்பது வாட்ஸ்அப்பின் விதி, என் மகளுக்கு 12. அவள் நம்பரை எழுதித் தரச் சொல்லித் தாள் அனுப்பியது பள்ளி. குழுவில் நூற்றுக்கு மேல் நம்பர், எல்லாருக்கும் எல்லாருடையதும் தெரிகிறது. அதே வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்று ஒன்று உண்டு, அதன் அறிவிப்புக் குழுவில் ஒரு உறுப்பினர் நம்பர் இன்னொரு உறுப்பினருக்குத் தெரியாது. தெரியாத நம்பரில் இருந்து வரும் அழைப்பு ஒலிக்காமல் இருக்கவும் அமைப்பு இருக்கிறது. ரெண்டு நிமிட வேலை. நடந்த பிறகுதான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

எல்லாக் கூட்டத்திலும் போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பேசுகிறார்கள், அதே வாரம் வீட்டுப்பாடம் போனில் வருகிறது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் தகவலைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-லேயே டெல்லியில் சட்டம் போட்டாயிற்று. எங்கள் கரையில் எத்தனை வீட்டில் அப்பா கடலில் இருக்கிறார், எத்தனை வீட்டில் வளைகுடா நாட்டில் இருக்கிறார்! ஒப்புதல் என்றால் யாரிடம் கேட்பது, எந்த விரலால் அமுக்குவது என்று ஒருவராவது இந்தப் பக்கம் வந்து பார்த்தார்களா? கோபம் வருகிறது ஐயா, மன்னிக்கவும்.

நான் கேட்பது ஒரே ஒரு சாயங்காலம். ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை, 61 நாள். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும்போது விசைப்படகுக்குப் போகிற அப்பாமார் எல்லாரும் கரையில்தான் இருப்போம். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் பள்ளியைத் திறந்து, பிள்ளை, போன், அப்பா, அம்மா எல்லாரையும் உட்கார வைத்து, விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவரை வைத்துப் பூட்டுப் போட்டுக் கொடுங்கள். மேடையில் நின்று பேச வேண்டாம், ஒவ்வொரு போனாகக் கையில் வாங்கிச் செய்து கொடுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, சைபர் குற்றப் புகாருக்கு 1930, இந்த ரெண்டு எண்ணையும் பெரிதாகச் சுவரில் எழுதிப் போடுங்கள். அது முடியும் வரை வீட்டுப்பாடத்தைப் பழையபடி டைரியில் எழுதி அனுப்புங்கள், குழுவில் பிள்ளைகளின் நம்பரை மறையுங்கள்.

போன் வேண்டும் என்று கேட்டது நீங்கள். அதனால் ஒரு சாயங்காலத்தை உங்களிடம் கேட்கிறேன், தயவுசெய்து மறுக்காதீர்கள். தேதியை மட்டும் சொல்லி அனுப்புங்கள். பெஞ்சு தூக்கிப் போட, வீடு வீடாகப் போய்ச் சொல்லி அழைத்து வர, எங்கள் படகு ஆட்கள் ஆறு பேர் வருகிறோம்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்புக்குப் போகும் மாணவி ஒருத்தியின் அப்பா