பிக்சல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து லேப்டாப் வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பண்டிகைக் காலம் வந்தால் நம் நாளிதழில் லேப்டாப் விளம்பரங்கள் முழுப்பக்கத்துக்கு வருகின்றன. எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் 2.8கே, 3கே, 4கே. படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகளான பிக்சல்கள் திரையின் அகலத்தில் ஏறக்குறைய எத்தனை ஆயிரம் என்பதுதான் அந்த எண். திரையைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. விளம்பரத்தை விடுங்கள், தொழில்நுட்பப் பக்கத்தில் வரும் அறிமுகக் கட்டுரைகளும் அப்படித்தான் இருக்கின்றன. புராசசர் என்ன, ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று விவரமாக எழுதிவிட்டு, திரை என்று வந்ததும் 'ரெசல்யூஷன் 2880 × 1800' (அகலத்தில், உயரத்தில் எத்தனை பிக்சல்) என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு எண்ணை நம்பி எழுபதாயிரம், ஒரு லட்சம் என்று கொட்டுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் சிவகாசியில் டிடிபி வேலை, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும் வேலை, செய்கிறவன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, அவ்வப்போது புத்தகம். நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பதுதான் தொழில் என்பதால், தெரிந்தவர்கள் லேப்டாப் வாங்கும்போது கூட வரச் சொல்வார்கள். கடையில் எப்போதும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "சார், இது 2.8கே, இதுக்கு மேல என்ன வேணும்?" நிறைய வேணும் என்பதுதான் உண்மை.

முதலில் ரெசல்யூஷனுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன், ஏனென்றால் தமிழ் படிக்கிறவர்களுக்கு அதனால் உண்மையிலேயே பலன் உண்டு. 15.6 அங்குலத் திரையில் 1366 × 768 என்றால் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல். அதே அளவில் ஃபுல் எச்டி (1920 × 1080) என்றால் 141. 14 அங்குலத்தில் 2880 × 1800 என்றால் 243. 15.6 அங்குலத்தில் 4கே என்றால் 282. அந்த 100 பிக்சல் திரையில் சின்ன எழுத்தில் தமிழைப் படித்துப் பாருங்கள். ணகரமும் னகரமும் ஒன்றுபோல மங்கும், ஞு, ழூ, றூ எல்லாம் சுழி எங்கே வால் எங்கே என்று தெரியாது, மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா விட்டுப்போயிற்றா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். பிழை திருத்துகிறவர்களுக்கு அது நரகம். நம் இ-பேப்பரையே அந்தத் திரையில் முழுப்பக்கமாக வைத்துப் படிக்க முடியாது, பெரிதாக்கிப் பெரிதாக்கி நகர்த்த வேண்டும். 2012 ஜூனில் ஆப்பிள் 15.4 அங்குலத்தில் 2880 × 1800 திரையோடு மேக்புக் ப்ரோவைக் கொண்டுவந்தபோது, அங்குலத்துக்கு 220 பிக்சல், உலகமே வாயைப் பிளந்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் இதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு இடைவெளி வரைக்கும் பிரித்துப் பார்க்கும் என்பது கண் பரிசோதனையில் வைத்திருக்கிற கணக்கு. லேப்டாப்பை அரை மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்த்தால் அது அங்குலத்துக்கு ஏறக்குறைய 175 பிக்சல் வருகிறது. பார்வை கூர்மையானவர்களுக்கு அதற்கு மேலும் கொஞ்சம் வித்தியாசம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் 100-லிருந்து 160-க்குப் போகும்போது கிடைக்கிற மாற்றம், 243-லிருந்து 282-க்குப் போகும்போது கிடைக்காது. பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.

பிக்சல் எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே திரை நன்றாக இருந்துவிடாது என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று சொல்கிறேன். 2013-இல் லெனோவோவின் யோகா 2 ப்ரோ வந்தது. 13.3 அங்குலத்தில் 3200 × 1800, அங்குலத்துக்கு 276 பிக்சல், காகிதத்தில் அபாரம். ஆனால் அந்தப் பேனலில், அதாவது திரைப் பலகையில், ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் புள்ளிகள் கிடையாது. வெள்ளையையும் சேர்த்துக்கொண்டு, ஒரு பிக்சலுக்கு இரண்டு இரண்டாகப் பகிர்ந்துகொள்ளும் பென்டைல் அமைப்பு அது. மஞ்சள் நிறம் அழுக்கு மஞ்சளாகத் தெரிகிறது என்று வாங்கியவர்கள் புகார் சொல்லி, நிறுவனம் பயாஸ் (லேப்டாப்பின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் கொடுக்க வேண்டி வந்தது. மேலே நான் புகழ்ந்த 2012 மேக்புக்கிலும் சில பேனல்களில், மூடிய விண்டோவின் நிழல் அடுத்த படத்தின் மேல் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. இதெல்லாம் ரெசல்யூஷன் எண்ணைப் பார்த்தால் தெரியுமா?

சரி, வேறு எதைப் பார்க்க வேண்டும்? என்னைக் கேட்டால் முதலில் நிறம், அப்புறம்தான் மற்றதெல்லாம். விலை குறைந்த லேப்டாப்களின் விவரப் பட்டியலில், அடியில் எங்கோ சின்ன எழுத்தில் '45% என்டிஎஸ்சி' என்று இருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953-இல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வகுத்த நிற எல்லை. அதில் 45 சதவீதம் என்றால், இன்று இணையத்தில் இருக்கும் பெரும்பாலான படங்களுக்கு அடிப்படையான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய 63 சதவீதத்தைத்தான் அந்தத் திரை காட்டும். குங்குமச் சிவப்பு அதில் வெளிறிப்போய் ஆரஞ்சுப் பக்கம் சாயும். எங்கள் ஊரில் இதன் விளைவு காகிதத்தில் தெரியும். திரையில் சிவப்பு போதவில்லை என்று வடிவமைப்பவர் நிறத்தை ஏற்றிக்கொண்டே போவார், பிரிண்ட் அடித்து வந்தால் அம்மன் முகம் கனத்துப் போயிருக்கும், காகிதமும் மையும் போனது போனதுதான். எஸ்ஆர்ஜிபியில் 100 சதவீதம் அல்லது அதை நெருங்கியது என்று எழுதியிருந்தால் மட்டும் படம் சம்பந்தப்பட்ட வேலைக்கு வாங்குங்கள். '72% என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் திரைகள் பலவும் சினிமாவுக்கான டிசிஐ-பி3 நிறங்கள் முழுவதையும் காட்டுபவை. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சரியான கலர் புரொஃபைல் (நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு) இல்லாமல் சாதாரண போட்டோவை அதில் திறந்தால் எல்லா நிறமும் ஒரு படி தூக்கலாகத் தெரியும், முகம் சிவந்துபோகும், வாழை இலை ரேடியம் பச்சையாக மின்னும். கடையில் அதைப் பார்த்துத்தான் மக்கள் மயங்குகிறார்கள். லேப்டாப்போடு வரும் மென்பொருளில் எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். 'விவிட்' போன்ற மோடில் வைத்து எந்தத் திரையையும் எடைபோடாதீர்கள். நைட் லைட், ஆட்டோ பிரைட்னஸ், பேட்டரி சேவர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது அந்தத் திரையை அல்ல.

பட்டுப்புடவை எடுக்கும்போது கடை விளக்கில் மட்டும் பார்த்து யாராவது முடிவெடுப்பார்களா? வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். புடவையை விடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் திரையை மட்டும், கம்பெனிக்காரர்களே தயாரித்த டெமோ வீடியோவை, கறுப்புப் பின்னணியில் வண்ணத் துளிகள் தெறிப்பதை, முழு பிரைட்னஸில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுகிறோம். ஒரு பென்டிரைவில் உங்கள் வீட்டு விசேஷப் படங்கள் நாலு, தமிழ்ப் பக்கம் ஒன்று, முழு வெள்ளைப் படம் ஒன்று எடுத்துப் போங்கள். வெள்ளையைத் திரை முழுக்க வைத்தால் எந்த மூலை மஞ்சளடிக்கிறது, எந்த ஓரம் மங்குகிறது என்று உடனே தெரியும். வீட்டுப் படத்தில் இருப்பவர்களின் தோல் நிறம் உங்களுக்குத் தெரிந்த நிறம், அதை எந்த டெமோவும் ஏமாற்ற முடியாது. திரையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு வெளுத்து நிறம் தலைகீழானால் அது பழைய டிஎன் வகைப் பேனல், ரெசல்யூஷன் எதுவானாலும் வேண்டாம்.

வெளிச்சத்தின் அளவு நிட்ஸ். 250 நிட்ஸ் திரை இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் போதும், பகலில் நம் ஊர் வெயில் வரும் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதாது. 400 இருந்தால் நிம்மதி. அதிலும் கண்ணாடி போலப் பளபளக்கும் திரை என்றால் உங்கள் முகமும் பின்னால் உள்ள ஜன்னலும்தான் தெரியும். படிக்கவும் எழுதவும் வாங்குகிறவர்கள் மேட் திரையைக் கேளுங்கள் என்பது என் கருத்து. இதில் 'எச்டிஆர் 400' (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும் திரை என்று பொருள்) என்ற ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாற வேண்டாம், திரைகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பு 2017 கடைசியில் கொண்டுவந்த தரவரிசையில் அது கீழ்ப்படி, திரையைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதிகூட அதற்குக் கட்டாயமில்லை.

ஓலெட் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், இதை எந்தக் கடையிலும் சொல்வதில்லை. பிரைட்னஸைக் குறைக்கும்போது பல ஓலெட் திரைகள் உண்மையில் ஒளியைக் குறைப்பதில்லை, வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுகின்றன. பல லேப்டாப்களில் இது நொடிக்கு 240 தடவை. கண்ணுக்கு நேராகத் தெரியாது, ஆனால் சிலருக்கு ஒரு மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். பிரைட்னஸை முப்பது சதவீதத்துக்கு இறக்கி, மொபைல் கேமராவை ப்ரோ மோடில் வைத்து ஷட்டர் வேகத்தை 1/1000 அளவுக்குக் கூட்டித் திரையைப் பாருங்கள். பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் இந்த வகைதான். எல்லோருக்கும் தொந்தரவு தரும் என்று சொல்லவில்லை, ஆனால் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பழைய மென்பொருள்களை வைத்து வேலை செய்கிற என் தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அச்சகங்களில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். இவ்வளவு நெருக்கமான பிக்சல்களை நினைத்து எழுதிய மென்பொருள் இல்லை அது. விண்டோஸில் எழுத்தையும் மெனுவையும் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 200 சதவீதம் வைத்தால், விண்டோஸ் அதைப் படம் போல இழுத்துப் பெரிதாக்குகிறது, எழுத்து மங்குகிறது. ஸ்கேலிங் வேண்டாம் என்று நிறுத்தினால் மெனு எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த வேலைக்கு 14 அங்குலத்தில் 1920 × 1200 உள்ள நல்ல ஐபிஎஸ் திரையே (சாய்த்துப் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) மேல். 4கே வாங்கிவிட்டு அவதிப்படாதீர்கள்.

இன்னொரு விஷயம், வாங்கிய பிறகு பார்க்க வேண்டியது. ஒரே மாடல் பெயரில் வரும் லேப்டாப்களுக்குள் பிஓஇ, ஏயுஓ, எல்ஜி, ஷார்ப் என்று வெவ்வேறு நிறுவனங்களின் பேனல்கள் இருக்கலாம். நீங்கள் கடையில் பார்த்தது ஒன்று, பெட்டியில் வருவது இன்னொன்று. டிவைஸ் மேனேஜரில் மானிட்டர்ஸ் பகுதிக்குப் போய், ப்ராப்பர்ட்டீஸில் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால் தயாரித்தவரின் குறி இருக்கும். டெமோ மெஷினிலும் அதைக் குறித்துக்கொண்டு வந்து ஒப்பிடுங்கள். பெட்டியைப் பிரித்த அன்று இரவே அறை விளக்கை அணைத்துவிட்டு முழுக் கறுப்புப் படம் வைத்து ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா பாருங்கள், இதைக் கடை வெளிச்சத்தில் பார்க்க முடியாது. செத்த பிக்சல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 13406-2 என்ற பழைய தரநிர்ணயத்தின் இரண்டாம் வகுப்பில், 10 லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் அணைந்திருப்பது 2 வரை அனுமதி. 2880 × 1800 என்றால் 51.84 லட்சம் பிக்சல். அந்தக் கணக்குப்படி பத்துப் பத்து இருந்தாலும் குறையில்லை என்று சொல்லிவிட முடியும். ரெசல்யூஷன் கூடக்கூட இந்தச் சலுகையும் கூடுகிறது! எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லேப்டாப்பில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். 2012-இல் உத்தரவு போட்டுத் தொடங்கிய கட்டாயப் பதிவு முறையின்படி அது மின்சாரப் பாதுகாப்புக்கான பதிவு, திரையின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை நமக்குக் கொடுத்திருக்கிறது. திரையின் நிட்ஸ் எவ்வளவு, எஸ்ஆர்ஜிபியில் எத்தனை சதவீதம், எந்த வகைப் பேனல் என்று கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தொழில்நுட்பப் பக்கத்தில் அடுத்த லேப்டாப் அறிமுகம் வரும்போது, ரெசல்யூஷனுக்குப் பக்கத்தில் நிட்ஸ், எஸ்ஆர்ஜிபி சதவீதம், பேனல் வகை, திரை மேட்டா பளபளப்பா என்ற நான்கையும் சேர்த்து அச்சிடுங்கள். முடிந்தால், அந்தத் திரையில் தமிழ் எழுத்து எப்படித் தெரிகிறது என்று எழுதியவரையே படித்துப் பார்த்து ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். லேப்டாப் விளம்பரம் கொடுக்கிற கடைக்காரர்களும் இந்தக் கடிதத்தைப் படித்தால், டெமோ மெஷினில் செட்டிங்ஸைப் பூட்டி வைக்காமல், வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவைச் செருகிப் பத்து நிமிடம் பார்க்க அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
டிடிபி வடிவமைப்பாளர், நெடுநாள் வாசகர்
சிவகாசி