ஜீப் சங்க நிர்வாகிகளுக்கு: மேப் தோட்டத்து கேட்டிலிருந்து தொடங்கட்டும்

நிர்வாகி அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

விடியற்காலை 4 மணிக்கு கம்பம் ஆபீஸில் உட்கார்ந்து, எந்த ஜீப் மலைமேல் எந்த ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறது என்று கம்ப்யூட்டரில் பதிகிறவள் நான். நம் சாஃப்ட்வேரில் மேப்பும் ரூட் போடும் வசதியும் வரப்போகிறது என்றதும் சந்தோஷப்பட்டேன். போன வாரம் மாதிரியைப் போட்டுக் காட்டினார்கள், அதைப் பார்த்த பிறகுதான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

அது தூரத்தை நேர்கோட்டில் அளக்கிறது. அடிவாரத்துத் தேவாரத்து ஆட்களைக் கேரள மலையிலிருக்கும் உடும்பன்சோலைப் பக்கம் அனுப்பச் சொன்னால் கொஞ்ச தூரம்தான் என்று காட்டுகிறது. தேவாரத்துக்கு நேர் மேலேதான் சாக்கலூத்துமெட்டு, ஆனால் அங்கே வண்டி ரோடு ஏது? அதைக் கேட்டுத்தானே இத்தனை காலமாக மனு கொடுக்கிறோம். ஜீப் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் ஏற வேண்டும், போடிமெட்டில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. மலையில் கிலோமீட்டரை நம்பி வேலைக்கு ஆள் அனுப்ப முடியாது, நேரம்தான் கணக்கு.

அதற்கு வழி இருக்கிறது, செலவும் குறைவு. 2004-ல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய இலவச மேப்பான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் விடுபட்ட தோட்டத்து மண் ரோட்டை நாமே வரைந்து சேர்க்கலாம். அதை வைத்து ஓஎஸ்ஆர்எம் மாதிரி ஒரு ரூட் தேடும் இன்ஜினை நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம், மலை ரோட்டுக்கு வேகத்தைக் குறைத்தும் கொடுக்கலாம். நம் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்பதால் இடங்களைச் சேமிக்க அதோடு சேர்கிற போஸ்ட்ஜிஐஎஸ் என்ற கூடுதல் மென்பொருள் இலவசம்.

ஆனால் இதெல்லாம் அப்புறம். நம் பதிவேட்டைத் திறந்து பாருங்கள், ஒரே தோட்டம் முதலாளி பெயரில் ஒரு தரம், ஊர்ப் பெயரில் ஒரு தரம், "மாதா சுரூபத்துக்கு மேல் இரண்டாவது கேட்" என்று ஒரு தரம் இருக்கிறது. எந்த மேப்பும் இதைக் கண்டுபிடிக்காது. ஒரு தோட்டத்துக்கு ஒரு எண், அதோடு கேட்டில் நின்று எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை. இதை முதலில் செய்யுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது, சில புரோகிராம்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். கம்பத்துக்கு அட்சரேகை சுமார் 9.7, தீர்க்கரேகை சுமார் 77.3. மாதிரியில் ஒரு கேட் மாறிப்போய் வடதுருவத்துக் கடலில் கிடந்தது, நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் டிரைவர் அண்ணன்கள் விஷயம். 8 கேட்டில் ஆள் இறக்குகிற ஜீப்புக்கு, எந்த கேட் முதலில் எது அடுத்தது என்று 40,320 வரிசை உண்டு, கம்ப்யூட்டர் அதில் நல்லதை நொடியில் சொல்லிவிடும். ஆனால் மழையில் எந்த இடத்தில் மண் சரிந்தது, எந்தக் கங்காணி ஏழு மணிக்குள் ஆள் வரச் சொன்னார் என்பது டிரைவருக்குத்தான் தெரியும். அதனால் ரூட்டை மாற்றும் பட்டன் அவர் போனில் இருக்க வேண்டும், மாற்றினால் காரணம் கேட்டுத் திட்டக் கூடாது. வளைவு தாண்டினால் சிக்னல் போய்விடுகிறது, ஆகவே மேப் போனுக்குள்ளேயே இறங்கியிருக்க வேண்டும்.

கேட் குறிக்கிற வேலைக்கு ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜீப் கொடுங்கள், பதிவேட்டோடு நானே வருகிறேன், கம்பம்மெட்டுப் பக்கத்துத் தோட்டங்களை முதலில் முடிப்போம்.