எண்ணெய் போய்விட்டதா, அடியில் நிற்கிறதா?

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு,

வணக்கம். 2013-ல் தண்டையார்பேட்டை வீடுகளின் போர்வெல்களில் தண்ணீரோடு எரிபொருளும் ஏறி வந்ததும், விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் உங்களுக்குத் தெரியும். இத்தகைய இடங்களில் ‘சுத்தம் செய்தாயிற்று’ என்று வரும் அறிக்கையை எதை வைத்து ஏற்பது என்பதே என் கேள்வி.

எரிபொருளிலிருந்து நீரில் கரையும் நச்சான பென்சீனின் அளவு குறைந்திருப்பது மட்டும் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறினால், மேலே மிதந்த எண்ணெயில் ஒரு பங்கு மணல் இடுக்குகளில் சிக்கி நீருக்கு அடியிலேயே நின்றுவிடும். கிணற்றில் படலம் தெரியாது. மார்கழியில் மாதிரி எடுத்தால் அறிக்கை அழகாகத்தான் இருக்கும். கோடையில் மட்டம் இறங்கட்டும், படலம் மறுபடி மிதக்கும்.

அடியில் நிற்பதைக் கண்டுபிடிக்க டிரேசர் சோதனை, அதாவது தடங்காட்டும் பொருளை நீரில் விட்டுப் பார்க்கும் சோதனை, உண்டு. புரோமைடு என்ற உப்பு மண்ணில் ஒட்டாது, எண்ணெயிலும் கரையாது. அதையும், எண்ணெயில் ஓரளவு கரையும் ஆல்கஹால் ஒன்றையும் ஒரு கிணற்றில் செலுத்தி, சற்றுத் தள்ளியுள்ள கிணற்றில் இறைக்க வேண்டும். புரோமைடு முந்தி வரும். ஆல்கஹால் வழியில் எண்ணெய் கண்ட இடமெல்லாம் தங்கித் தங்கி வரும். அந்தத் தாமதத்திலிருந்து மிச்ச எண்ணெயைக் கணக்கிடலாம். கடலோரத்தில் மட்டும் கவனம் தேவை: கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது. உப்பு ஏறிய நிலத்தடி நீரில் வேறு பொருளைத் தேர வேண்டும்.

‘இன்னும் எதையோ ஊற்றப் போகிறீர்களா?’ என்று மக்கள் கேட்பார்கள், நியாயந்தான். அவர்களுக்கு ரேடான் வழி இருக்கிறது. மண்ணிலிருந்து தானாகவே நீரில் சேரும் கதிரியக்க வாயு அது. 3.8 நாளில் பாதி சிதைந்துவிடும். நீரைவிட எண்ணெயில் அதிகம் கரைவதால், எண்ணெய் நிற்கும் இடத்து நீரில் ரேடான் குறைந்து காணும். எண்ணெய் அகல அகல அது ஏறி, அதே மண்ணிலுள்ள மாசுபடாத கிணற்றின் அளவை நெருங்க வேண்டும். அந்த ஒப்பீட்டுக் கிணறு இல்லாத ரேடான் கணக்கை நம்பாதீர்கள்.

ஆகவே, சுத்திகரிப்பு தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் டிரேசர் சோதனை கட்டாயம் என உத்தரவிடுங்கள். பின்னதைக் கோடையில் வையுங்கள். சோதனை செய்பவரை வாரியமே நியமிக்கட்டும். செலவை மாசுபடுத்தியவர் கட்டட்டும். முடிவைத் தமிழில் அச்சிட்டு அந்தத் தெருவிலேயே ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைவாசி ஒருவர்