முதலில் மீட்டர், பிறகு சோலார்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஐரோப்பாவின் பசுமை ஆற்றல் திட்டங்களில் அங்கு நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டுவரும் சிறுபான்மையினரான ரோமா மக்களின் குடியிருப்புகள் பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை. பல்கேரியாவின் துப்னிட்சா நகரில் ரோமாக்கள் வாழும் பகுதியில் மட்டும் மின் மீட்டர்களை ஆறேழு மீட்டர் உயரத்தில், கம்பங்களில் மாட்டினார்கள். மற்ற இடங்களில் உயரம் 1.70 மீட்டர்தான். மின்திருட்டைத் தடுக்க என்று காரணம் சொல்லப்பட்டது. ஒரு பகுதியினர் அனைவரையும் சந்தேகிக்கும் இந்த நடைமுறை இழிவுபடுத்துவது என்று 2015இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. தன் மீட்டரையே படிக்க முடியாதவர் எதைச் சேமிப்பார்?

வீட்டைச் சீரமைக்க மானியம் உண்டு. ஆனால் பல திட்டங்கள் சொத்து ஆவணம் கேட்கின்றன. செலவை முதலில் நாமே செய்து, பிறகு திரும்பப் பெற வேண்டும். அனுமதியின்றிக் கட்டிய வீட்டில் விறகு அடுப்போடு குளிர்காலத்தைக் கடத்தும் குடும்பத்துக்கு இரண்டுமே எட்டாதவை.

வேலையின் வரிசையும் முக்கியம். ஒரு சோலார் பலகை சுமார் 20 கிலோ எடை. ஓட்டைக் கூரை அதைத் தாங்காது. கூரை, வெப்பக்காப்பு, வயரிங் ஆகியவற்றை முடிக்காமல் வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் வெப்பப் பம்பை வைத்தால் அது நாள் முழுக்க ஓடும், பில் எகிறும், குடும்பம் மறுபடி விறகுக்கே திரும்பும்.

2026 முதல் 2032 வரைக்கான ஐரோப்பிய சமூகக் காலநிலை நிதியிலிருந்து (எரிசக்திச் செலவைத் தாங்க முடியாத குடும்பங்களுக்கு உதவும் ஒன்றிய நிதி) ஒப்பந்ததாரருக்கே நேரடியாகப் பணம் தரலாம். குடியிருப்புச் சான்றையே ஆவணமாக ஏற்று, வீட்டுக்கொரு மீட்டரைக் கைக்கெட்டும் உயரத்தில் பொருத்த வேண்டும்.

இப்படிக்கு,
எரிசக்தித் துறை வாசகர்கள்