முதல் பிழையை வாசிக்கப் பழக்குங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் எம்பெடெட் சி கற்பிக்கும் போதனாசிரியர்களுக்கு,

வணக்கம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் வெப்பநிலையை வலையமைப்பில் ஏற்றுவது மாணவர் செயற்றிட்டத்துக்கு நல்ல தலைப்புத்தான். ஆனால் லினக்ஸ் கணினிக்கு எழுதிய சொக்கெட் (வலையமைப்புத் தொடர்பு) நிரலைப் பிரதிபண்ணி எஸ்.டி.எம். 32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்குக் கொம்பைல் செய்தால் பிழைகள் மளமளவென்று கொட்டும். பிள்ளைகள் திரையின் அடியில் தெரிவதைத்தான் முதலில் திருத்துவார்கள். திருத்த வேண்டியதோ மேலே முதலாவதாக வந்தது.

பெரும்பாலும் அது 'சிஸ்/சொக்கெட்.எச் இல்லை' என்பதாக இருக்கும். ஆர்ம் சிப்புகளுக்கான கொம்பைலரோடு வரும் நியூலிப் என்ற சி நூலகத்தில் அந்த ஹெடர் (அறிவிப்புக் கோப்பு) கிடையாது. சிறு போர்டுகளுக்கான வலையமைப்பு நூலகமான எல்.டபிள்யூ.ஐ.பி.யின் சொக்கெட்ஸ்.எச்தான் வேண்டும். இதற்காகக் கணினியின் சொந்த ஹெடர் கோப்புறையை இன்க்ளூட் பாதையில் சேர்க்க விடாதீர்கள். ஒரு பிழை போய், முரண்பட்ட வகை வரையறைகள் என்று ஒரு பட்டாளமே வரும்.

ஹெடர் சரியான பின்பும் 'சொக்அட்ர்_இன் அளவு தெரியவில்லை' என்று வந்தால் எல்.டபிள்யூ.ஐ.பி.ஒப்ட்ஸ்.எச் என்ற அமைப்புக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே எல்.டபிள்யூ.ஐ.பி._சொக்கெட் 0 என்று இருந்தால் அந்த ஹெடரின் உள்ளடக்கம் முழுவதும் மறைந்துவிடும். அதை 1 ஆக்கினால் மட்டும் போதாது. நோ_சிஸ் (இயங்குதளம் இல்லை என்ற அமைப்பு) 0 ஆக வேண்டும், அதற்கு ஃப்ரீஆர்டொஸ் போன்ற ஒரு சிறு இயங்குதளம் தேவை. அது வேண்டாமென்றால் சொக்கெட்டை விட்டுவிட்டு எல்.டபிள்யூ.ஐ.பி.யின் அடிமட்ட இடைமுகமான ரோ ஏ.பி.ஐ.யில் எழுத வேண்டியதுதான்.

'டைம்வால் மறுவரையறை' வந்தால் நியூலிப்பும் எல்.டபிள்யூ.ஐ.பி.யும் நேரத்தை வைக்கும் ஒரே ஸ்ட்ரக்டை இரண்டு தரம் வரையறுக்கின்றன. எல்.டபிள்யூ.ஐ.பி._டைம்வால்_பிரைவேட்டை 0 ஆக்கி, சிஸ்/டைம்.எச் சேர்த்தால் சரி.

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்பது கொம்பைலான கோப்புகளை இணைக்கும் லிங்கரின் புகார். ஹெடரில் கைவைத்துப் பயனில்லை. ஏ.பி.ஐ. கோப்புறையின் சொக்கெட்ஸ்.சி, போர்ட்டுக்குரிய சிஸ்_ஆர்ச்.சி ஆகியவை பில்டில் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் இதே புகாரில் வந்து முடியலாம். ஜி.சி.சி. கொம்பைலரின் 14ஆம் பதிப்பு அதைப் பிழையாகவே நிறுத்துகிறது, பழைய பதிப்புகள் எச்சரித்துவிட்டுப் போய்விடும். அவற்றில் அந்த எச்சரிக்கையைப் பிழையாக்கும் கொம்பைலர் கொடியைக் கட்டாயமாக்குங்கள்.

ராம் நிரம்பிவிட்டது என்றால் எல்.டபிள்யூ.ஐ.பி.யின் பி.பஃப் பூல் (பாக்கெட் பஃபர்கள்) எண்ணிக்கையையும் மெம்_சைஸையும் (அதன் நினைவக அளவு) குறைக்கலாம். எஸ்.டி.எம். 32 எஃப் 407 சிப்பில் பஃபர்களை 64 கிலோபைட் சி.சி.எம். (புரோசெசருக்கு மட்டுமான ராம்) பகுதிக்குத் தள்ளுவது ஆபத்தான குறுக்குவழி. கொம்பைல் ஆகும், லிங்க் ஆகும், ஆனால் புரோசெசர் இல்லாமலே ராமில் தரவை நகர்த்தும் ஈதர்நெட் டி.எம்.ஏ. அங்கே எட்டாது. ஒரு பாக்கெட்டும் போகாது.

பயிற்சித் தாளின் தலையில் ஜி.சி.சி. பதிப்பையும் எல்.டபிள்யூ.ஐ.பி. பதிப்பையும் அச்சிடுங்கள். பிழை தேடும்போது பில்ட் கருவியான மேக்கை ஜே 1 (ஒரு நேரத்தில் ஒரு வேலை) என்று ஓட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பல கோப்புகளின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதல் பிழையை எடுத்து, அது பிரீபுரோசெசரா (ஹெடர்களைச் சேர்க்கும் கட்டம்), கொம்பைலரா, லிங்கரா என்று சரியாகச் சொல்லும் மாணவருக்கு, போர்ட் ஓடாவிட்டாலும் புள்ளி கொடுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை எம்பெடெட் நிரலாளர் சிலர்